நாலு மூலை

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பிரேம்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று அப்பா செய்தது. இன்னொன்று அப்பாவின் படத்துக்காக நான் செய்தது. இரண்டிலுமே மூலைகள் லேசாக வாய் திறந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த மூலைகளைப் பற்றியது. வீட்டிலேயே ஒரு மர பிரேம் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடிய அளவுகளும் நடுநடுவே வரும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதைச் செய்யக் கற்றுக்கொண்டது, கற்றுத்தரக்கூடியவர் போன பிறகு.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் கார்பெண்டர். 1976-ல் சேர்ந்து 2014-ல் ஓய்வு பெற்றார். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையைத்தான் 1928-ல் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே அந்தப் பணிமனைக்காக உண்டான ஊர். அப்பா சேர்ந்தபோது மரத்தால் கட்டிய ரயில் பெட்டிகளின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். 1955-லேயே இரும்புப் பெட்டிகளைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. பழைய மரப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு ஏலத்துக்குப் போயின. தேக்கில் கை பழகி உள்ளே போன அப்பா, கடைசிப் பத்து வருஷம் பெரும்பாலும் பிளைவுட்டையும் ஒட்டுத்தகட்டையும்தான் அறுத்தார். அதைப் பற்றி அவர் குறைபட்டுக்கொண்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

வீட்டில் அவர் கையால் செய்தவை அதிகம் இல்லை. ஒரு முக்காலி, அம்மாவின் அஞ்சறைப் பெட்டி, பிறகு இந்த பிரேம். திரு இருதய ஆண்டவர் படத்துக்கானது. கத்தோலிக்க வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஹாலில் கண்ணுக்கு நேராக அந்தப் படம் இருக்கும், கீழே ஒரு சின்னப் பலகை, பலகையில் சிவப்பு விளக்கு. எங்கள் குவார்ட்டர்ஸில் சாயங்காலச் செபமாலை அதன் முன்னால்தான். ஏலத்தில் போன பெட்டி ஒன்றின் தேக்கை ஒரு மரக்கடைக்காரரிடமிருந்து வாங்கி அந்த பிரேமைச் செய்ததாக அம்மா சொல்வார். சட்டம் அகலமானது, இரண்டு அங்குலம். பாலிஷ் இல்லை, வெறும் எண்ணெய்தான். முப்பது வருஷம் விளக்குப் புகையும் அம்மாவின் துடைப்புத் துணியும் பட்டு அது காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது.

2016-ல் இருவரையும் என்னுடன் சென்னைக்கு அழைத்துக்கொண்டேன். சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் சந்துகளில் ஒன்றில், இரண்டாவது மாடி. அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி, பேராலயம் நடக்கும் தூரம். போர்த்துகீசியர் கட்டிய பழைய கோவில் இருந்த இடத்தில் 1896-ல் எழுந்த அந்த வெள்ளைக் கோபுரம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். அப்பாவுக்குக் கடற்கரை. எனக்குக் கடல் என்றால் துரு. இந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். உப்பு ஜாடியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் நீர்த்துவிடும். தீக்குச்சி நமுத்துவிடும். ஜன்னல் கிரில்லுக்கு வருஷம் ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும். ஏ.சி.யின் வெளி யூனிட் செத்துப்போவதற்கு மாதங்களை எண்ணலாம்.

வந்த மறுவருஷம், 2017 டிசம்பரில், அந்த பிரேமின் மூலைகள் திறந்துகொண்டன. நாலு மூலையிலும். 45 டிகிரியில் சேர்ந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே, வெளிப்பக்கமாகப் பார்த்தால், ஒரு கறுப்புக் கோடு. கிறிஸ்துமஸுக்காக வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன், நாள் சரியில்லை.

"ஏம்ப்பா, முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேல கார்பெண்டரா இருந்திருக்க. நாலு மூலை ஒழுங்கா சேக்க வரலையா? கடைல நூறு ரூவாய்க்கு வாங்கி மாட்டியிருந்தாக்கூட கச்சிதமா இருந்திருக்கும்."

விளையாட்டாகச் சொன்னதுதான் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழுக்க விளையாட்டு இல்லை. அப்பா சிரித்தார். எழுந்து போய், கட்டைவிரலை மூலையில் வைத்துத் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது கறுப்புக் கோடுகள் இல்லை. மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்திருந்தார்.

அவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் இல்லை.

*

அப்பா 2021 நவம்பரில் இறந்தார். முதல் வருஷத்துப் பூசைக்கு முன்னால் ஒரு படம் மாட்ட வேண்டும் என்று அம்மா சொன்னார்.

நம் வீடுகளில் ஒருவர் சுவரில் ஏறுவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. இருக்கும் படங்களில் ஒன்றைத் தேர்ந்து, ஸ்டுடியோவில் கொடுத்து, பின்னணியை நீல வானமாக்கி, சட்டையை கோட்டாக்கி, பன்னிரண்டுக்குப் பதினெட்டில் பெரிதாக்கி வாங்குவது. நான் போன இடத்திலும் அந்தப் பையன் பணிவாகத்தான் கேட்டான், "கோட்டு போட்டுரலாமாக்கா?" வாழ்நாளில் கோட்டே போடாத மனுஷர். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படம் ஒன்று நன்றாக இருந்தது. ஆனால் அதில் சகாக்கள் போட்ட ரோஜா மாலை கழுத்தில் இருந்தது. "மாலை போட்டிருக்கற போட்டோவுக்கு மேல இன்னொரு மாலையா" என்றார் அம்மா. கடைசியில் தேறியது, நான் ஃபோனில் எடுத்த ஒன்று. பால்கனியில் பேப்பரைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்க்கிறார். காதில் பென்சில். ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்தும் காதில் பென்சில். குறுக்கெழுத்துக்காக.

அம்மா கடையில் பிரேம் போடச் சொன்னார். ஏன் நானே செய்கிறேன் என்று சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அப்பாவின் மரப்பெட்டி என் கட்டிலுக்கடியில் இருந்தது: இரண்டு ரம்பம், நாலு உளி, ஒரு இழைப்புளி, மூலைமட்டம், கொட்டாப்புளி. சின்ன வயதில் அதைத் தொட விடமாட்டார். உளியை எடுத்தால் "பாப்பா, கைல பட்டுரும், போய்ப் படி" என்பார். படித்தேன். இன்ஜினியரிங் முடித்தேன். இன்றுவரை நான் செய்து கொடுத்த ஒரு பொருளையும் யாரும் கையில் தூக்கிப் பார்க்க முடியாது. அதனால் இருக்கலாம்.

*

பிரேம் என்பது நாலு கட்டை, நாலு மூலை. பார்க்க இதைவிட எளிமையான ஒன்று இல்லை. கணக்குப் போட்டால்தான் தெரியும்.

ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வெட்டு, ஆக எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் சரியாக 45 டிகிரி இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் மைட்டர் பெட்டியில் ரம்பம் நுழையும் பிளவு கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். அதில் அரை டிகிரி பிசகு சாதாரணம். எட்டு வெட்டும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால் மொத்தம் 4 டிகிரி. மூன்று மூலைகளை இறுக்கமாக ஒட்டிவிட்டு நாலாவதுக்கு வரும்போது அந்த 4 டிகிரியும் அங்கே காத்துக்கொண்டிருக்கும். ஓர் அங்குல அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம். என் முதல் பிரேமில் செருகிப் பார்த்தேன்.

என் வேலையில் இது பழகிய விஷயம். சின்னச் சின்னப் பிழைகள் யாருக்கும் தெரியாமல் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் கை வைத்தவன் தலையில் விடியும். ஆனால் கணினியில் பின்னால் போகலாம். மரத்தில் போக முடியாது. அறுத்தது அறுத்ததுதான்.

முதல் பிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டு நிதானமாக ஆரம்பித்தேன். செய்து பார்க்க நினைப்பவர்கள் இங்கிருந்து பின்தொடரலாம்.

படம் 8-க்கு 12 அங்குலம். அதைச் சுற்றி 2 அங்குலத்துக்கு மவுண்ட் அட்டை. ஆக, கண்ணாடி 12-க்கு 16, அதாவது 305-க்கு 406 மில்லிமீட்டர். அந்த மவுண்ட் அழகுக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பா அம்மாவின் கல்யாணப் படம் அப்படி இல்லாமல் கண்ணாடியில் நேராகப் பட்டுக்கொண்டிருந்தது. சாந்தோமுக்கு வந்த மூன்றாம் வருஷம் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பழைய புகைப்படத் தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். ஈரம் பட்டால் அது இளகிப் பசையாகும். உரிக்கப் போனால் கண்ணாடியோடு முகம் வந்துவிடும். எங்களுடையதை உரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்தேன். மவுண்ட் இருந்தால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் காற்று இருக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அந்த ஒன்றரை மில்லிமீட்டரை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது காடி. கண்ணாடியும் அட்டையும் உட்காரச் சட்டத்தின் பின்பக்கம் உள்விளிம்பில் ஒரு படி வேண்டும். அப்பா அதை அதற்கான இழைப்புளியால் எடுத்திருப்பார். எனக்கு அது வராது. வராதவர்களுக்கு ஒரு வழி உண்டு. மந்தைவெளிப் பக்கம் ஒரு மரக்கடையில் இரண்டு அளவில் தேக்கு ரீப்பர் அறுத்து வாங்கினேன். முன்பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் அகலம், பின்பக்கத்துக்கு 19. இரண்டையும் வெளிவிளிம்பு ஒன்றாக வரும்படி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால், உள்பக்கம் தானாகவே 6 மில்லிமீட்டர் படி வந்துவிடும். அறுப்பதற்கு முன்பே முழு நீளத்தையும் ஒட்டிவிட வேண்டும்.

நீளக் கணக்கு: கண்ணாடிக்கு 3 மில்லிமீட்டர் தளர்வு விட்டால் காடியின் உள் அளவு 308-க்கு 409. காடிக்கு வெளியே இரு பக்கமும் 19, 19. ஆக, வெளி அளவு 346-ம் 447-ம். நாலு கட்டைக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். ஆறடி வாங்கினால் ரம்பம் தின்பதற்கும் நம் தப்புக்கும் போதும்.

எதிரெதிர்க் கட்டைகள் ஒரே நீளமாக இருப்பது முக்கியம். 346 என்பது 345 ஆனால் யாருக்கும் தெரியாது. ஒன்று 346, மற்றது 345 என்றால் பிரேம் கோணிக்கொள்ளும். அதனால் ஜோடியைச் சேர்த்துப் பிடித்தே நீளம் பார்க்க வேண்டும். வெட்டுமுகத்தைச் சீராக்க என் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த 45 டிகிரி மூலைமட்டத்தைப் பலகையில் பதித்து, ஒரு கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, அதோடு வைத்துத் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பிளாஸ்டிக் முக்கோணம் இருபது வருஷம் கழித்து வேலைக்கு வந்தது.

மரத்தின் குறுக்குவெட்டு, ஸ்ட்ரா கட்டைப் போல. பசையை உறிஞ்சிவிடும். முதலில் நீர்த்த ஃபெவிகாலை ஒரு பூச்சு பூசி, அஞ்சு நிமிஷம் விட்டு, பிறகுதான் கெட்டியானதைப் பூசிச் சேர்க்க வேண்டும். கிளாம்ப் வாங்கத் தேவையில்லை. சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டால் கொடுப்பார்கள். நாடாவாக வெட்டி நாலு பக்கமும் சுற்றி இழுத்துக் கட்டினால் எல்லா மூலையும் ஒன்றாக இறுகும். கட்டியவுடன் குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமென்றால் செங்கோணம். இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் பக்கம் லேசாக அமுக்கினால் சரியாகும். பசை காய்வதற்குள்.

இரண்டாவது பிரேம் சரியாக வந்தது. செப்டம்பர் கடைசியில், என் அறையில், நாலு மூலையும் ஒரு தலைமுடி நுழையாத அளவுக்குச் சேர்ந்திருந்தன. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் கசியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குத் தோன்றியது 'அப்பாவால் முடியாதது என்னால் முடிந்திருக்கிறது' என்பதுதான். வருத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. எண்ணெய் தடவி, படத்தை வைத்து, திரு இருதய ஆண்டவருக்குப் பக்கத்தில் மாட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பென்சில எடுத்துருக்கலாம்ல" என்றார். அழுதார்.

*

2022 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைக்குப் போய்விட்டு வந்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதற்காகப் படத்தின் கீழே குனிந்தபோது பார்த்தேன். மேல் இடது மூலையில் ஒரு கறுப்புக் கோடு. மற்ற மூன்றையும் பார்த்தேன். நாலிலும். எல்லாமே வெளிப்பக்கம்.

முதலில் பசையைச் சந்தேகித்தேன். பிறகு என்னை. ஒரு மாதத்துக்கு முன்னால் விளக்கு வைத்துப் பார்த்த மூலைகள். வெட்டுத் தப்பாக இருந்தால் அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றி அன்றிரவு படித்ததை இங்கே சுருக்குகிறேன். வெட்டிக் காயவைத்து நூறு வருஷம் ஆனாலும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். ஈரம் ஏறினால் வீங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. நார் ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில்தான் வீங்கும். ரயில் பெட்டிக்கும் கப்பலுக்கும் தேக்கைத் தேடியதற்கு ஒரு காரணம், அது மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் என்பது. குறைவாகத்தான். அசையாது என்றில்லை.

இப்போது 45 டிகிரி மூலையை யோசித்துப் பாருங்கள். சட்டத்தின் நீளம் மாறவில்லை, அகலம் மட்டும் கூடுகிறது. அப்படியானால் சாய்வு வெட்டின் கோணம் 45-ஐத் தாண்டிவிடும். இரண்டு கட்டையிலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து 90-ஐத் தாண்டுகிறது. ஆனால் பிரேம் 90-லேயே நிற்கிறது. அதனால் உள்மூலைகள் ஒன்றையொன்று முட்ட, வெளிமூலை பிளக்கிறது. மரம் காய்ந்து சுருங்கினால் இதற்கு நேர்மாறு, உள்மூலை திறக்கும். காகிதத்தில் வரைந்து பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும். அகலச் சட்டமானால் பிளவும் பெரிது.

என் மரம் ஜூலையிலிருந்து என் அறையில் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை, தினம் பத்து மணி நேரம் ஏ.சி. அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு பால்கனியில் ஒரு வாளி வைத்திருக்கிறோம். தினமும் அதை நான்தான் கொட்டுவேன். அந்த வாளித் தண்ணீர் முழுக்க என் அறைக் காற்றிலிருந்து பிழிந்தது. அந்த வறண்ட அறையில் மரத்தை அறுத்துச் சேர்த்து, எடுத்துப் போய் ஜன்னல் திறந்த ஹாலில், வடகிழக்குப் பருவமழையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாட்டியிருக்கிறேன். திறக்காமல் என்ன செய்யும்?

படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து ஹாலுக்குப் போனேன். ஃபோன் வெளிச்சத்தில் அப்பாவின் பிரேமைப் பார்த்தேன். வெளிப்பக்கம். நாலு மூலையும். பழைய அடைப்பு இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் உதிர்ந்திருந்தது.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. 2018 கோடையில் விளக்குப் பலகையில் பழுப்பாகத் தூள் தூளாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. கரையான் என்று பயந்து நான் மருந்துகூட வாங்கி வந்தேன். அது அப்பா அடைத்த மரத்தூள். கோடையில் மரம் சுருங்கி, பிளவு மூட வந்தபோது, நடுவே இருந்ததை நெரித்து வெளியே தள்ளியிருக்கிறது.

மறுநாள் படத்தைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில், ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கட்டையிலும் ஒரே எண்: 1-1, 2-2, 3-3, 4-4. எந்த வெட்டு எந்த வெட்டோடு சேர வேண்டும் என்று தேய்த்துப் பொருத்திய பிறகு போடும் குறி. கீழ்ச் சட்டத்தில், 'மே 87'.

பொன்மலையில் மே மாதம். கத்திரி வெயில். அதைவிட மரம் காய்ந்திருக்க முடியாது.

*

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் மீதி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது. வெட்டும்போதே எல்லாக் கோணமும் ஒரே அளவு பிசகி, நாலு மூலையையும் ஒன்றாக இறுக்கி ஒட்டியிருந்தாலும் இதே மாதிரி நாலு இடத்திலும் சமமாகப் பிளவு வரலாம். பென்சில் குறி கவனத்துக்குச் சாட்சி. கோணத்துக்குச் சாட்சி இல்லை. அப்பா மேல் உள்ள குற்ற உணர்ச்சியில் நான் அவருக்குச் சாதகமான தீர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இதைத் தீர்க்க ஒரே வழி காத்திருப்பது. வெட்டுப் பிழையென்றால் பிளவு வருஷம் முழுக்க அப்படியே இருக்கும். ஈரமென்றால் பருவத்தோடு மாறும். என்னிடம் ஃபீலர் கேஜ் இல்லை. விசிட்டிங் கார்டு இருந்தது. நவம்பர் கடைசியில் அப்பாவின் பிரேமில் மீதி அடைப்பைச் சுரண்டிவிட்டு அளந்தேன். மூன்று மூலையில் இரண்டு கார்டு சேர்த்து நுழைந்தது, ஒன்றில் இரண்டாவது கார்டு கொஞ்சம் சிரமப்பட்டது. என் பிரேம் பாதி அகலம்தான் என்பதால் அதில் ஒரு கார்டு. ஒரு காகிதத்தில் குறித்துவைத்தேன்.

அடுத்த மே கடைசி. மேற்குக் காற்று அடித்து, கடல் காற்று தாமதமாக உள்ளே வரும் நாட்கள். சாந்தோமிலேயே உப்பு ஜாடி காய்ந்திருந்தது. அப்பாவின் பிரேமில் ஒரே ஒரு கார்டு, அதுவும் இறுக்கமாக. என்னுடையதில் கார்டு நுழையவே இல்லை. முழுக்க மூடிக்கொள்ளவில்லைதான். இது பொன்மலை இல்லை, எவ்வளவு காய்ந்தாலும் கடற்கரை. ஆனால் மாறியிருந்தது.

அப்பா சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். நான்தான் அந்த பிரேமை அதற்குப் பழக்கமில்லாத காற்றுக்குக் கொண்டுவந்தேன்.

சாப்பிடும்போது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். காகிதத்தில் முக்கோணம் வரைந்து காட்டினேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"அதான் அவரும் சொன்னாரே. இங்க வந்த புதுசுல. 'கடல் பக்கம்ல, கட்டை ஊதியிருக்கு, வெயில்ல சரியாப்போயிரும்'னு. நீ திட்டுனன்னுதான் அடைச்சு வச்சாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

இல்லை, கேட்டேன். 'நாலு மூலை ஒழுங்கா சேக்க வரலையா' என்று கேட்டேன். அதற்குக் கேள்விக்குறிகூட இருந்தது. ஆனால் பதில் வேண்டி ஒருவர் கேட்கும் கேள்வி எது என்று முப்பத்தெட்டு வருஷம் மேற்பார்வையாளர்களிடம் வேலை பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். என் மகள் இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொன்னவர். மரம் ஊதும் என்பதை அந்த இன்ஜினியருக்குச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தைக் கொடுக்காதது நான்தான். எடுத்துக்கொள்ளாதது அவர். இரண்டும் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

*

நீங்கள் செய்வதாக இருந்தால் நான் செய்யாததைச் செய்யுங்கள். பிரேம் எங்கே தொங்கப் போகிறதோ அந்த அறையிலேயே மரத்தை மூன்று நாலு வாரம் போட்டு வையுங்கள், அந்தக் காற்றுக்குப் பழகட்டும். முதல் பிரேமுக்குச் சட்டம் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பசை காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையின் குறுக்கேயும் ரம்பத்தால் ஒரு கீறல் எடுத்து, அதில் மெல்லிய மரப்பட்டையைப் பசை தடவிச் செருகி, நீட்டியிருப்பதைச் சீவிவிடுங்கள். மூலை கொஞ்சம் அசைந்தாலும் விட்டுப்போகாது. மரத்தின் பின்பக்கத்துக்கும் எண்ணெய் தடவுங்கள். முன்னால் மட்டும் தடவினால் ஈரம் பின்வழியாக ஏறும். பின்பக்கம் பென்சிலில் மாதத்தையும் வருஷத்தையும் எழுதுங்கள். யாராவது பின்னால் படிப்பார்கள்.

மூலை திறக்கவே கூடாதென்றால் அதற்கும் வழி இருக்கிறது. மயிலாப்பூர் பிரேம் கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது பிளாஸ்டிக் வார்ப்புச் சட்டம்தான். மரம் மாதிரி ரேகைகூட அச்சடித்திருக்கும். ஈரம் குடிக்காது. கச்சிதமாக இருக்கும். நான் அன்று சொன்னதில் அந்த ஒரு பகுதி உண்மை.

இப்போது இரண்டு பிரேமிலும் அடைப்பு இல்லை. நான் அடைக்கவில்லை. போன அக்டோபரில், மழை தொடங்கி ஒரு வாரம் இருக்கும், அம்மா படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கார்டை எடுத்துக்கொண்டு போனேன், அந்த வருஷக் கணக்கைக் குறிக்க.

"அதெல்லாம் எதுக்குடி," என்றார் அம்மா. துணியைத் தூக்கிக் காட்டினார். மூலையில் மாட்டி ஒரு நூல் இழுபட்டிருந்தது. "மழை வந்தா இங்க துணி மாட்டும். தை போய் பங்குனி வந்தா மாட்டாது. எத்தன வருஷமா தொடைக்கிறேன்."

நூலை விடுவித்துவிட்டு, அப்பாவின் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.